19 பேர், ஒரு கப்பல், ஒரு மாங்காய்ப் பூட்டு

திண்டுக்கல் ஊர்ப்பேச்சில் கப்பலேறுவது பெரும்பாலும் மானம்தான். யாராவது கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தால், “என்ன, கப்பல் கவுந்துபோச்சா?” என்பார்கள். மற்றபடி இந்த ஊருக்கும் கப்பலுக்கும் தூரம் அதிகம். மலைக்கோட்டை உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர், நடுவில் தென்னையும் முருங்கையும். கடல் மட்டும் எந்தத் திசையிலும் கிடையாது. சாலை வழியே 150 கிலோமீட்டர் தாண்டாமல் உப்புக்காற்று முகத்தில் அடிக்காது.

அப்படிப்பட்ட ஊரிலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கப்பல் வீடியோ வந்து விழுகிறது. “நாமளும் போலாமா?” என்று ஒருவர் கேட்கிறார். பத்து பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். அதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடும். முடியாத வீடு ஒன்றை நினைத்துக்கொள்வோம்.

நாகல்நகர்ப் பக்கம் அந்த வீடு. அப்பத்தாவுக்கு 78 வயது. மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். மகளும் மாப்பிள்ளையும் நிலக்கோட்டையில். பேரன் பேத்திகள் ஒன்பது பேர். மூத்த பேத்திக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அவள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காது. ஆக மொத்தம் 19 பேர்.

இந்த வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர், 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. ஆனால் இந்த வீட்டு வாசலில் பூட்டு தொங்கிய நாள் கிடையாது. அப்பத்தா வாங்கி வைத்த கனத்த மாங்காய்ப் பூட்டு அலமாரியில் எண்ணெய் போட்டபடியே இருக்கிறது. கொடைக்கானலுக்கு வேன் பிடித்தால் அப்பத்தாவுக்கு வளைவில் தலை சுற்றும். திருச்செந்தூர் என்றால் முட்டிவலி. “நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்” என்பது அவர் எப்போதும் சொல்லும் பதில். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பிய பயணம் ஒன்றுகூட ஆல்பத்தில் இல்லை.

கப்பல் யோசனையை இளைய மருமகள் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணமே இதுதான். 19 பேர் சாலையில் போனால் தினம் ஒரு லாட்ஜ், தினம் மூட்டை கட்டல், வேனில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. கப்பலில் ஒருமுறை பையைப் பிரித்தால் போதும். அறையே ஊர் ஊராகப் போகும். லிஃப்ட் இருக்கிறது. சின்னதுகள் நீச்சல் குளத்தில் கிடக்கும், பெரியவர்கள் நாற்காலியில் சாய்ந்து கடலைப் பார்க்கலாம், சாப்பாட்டு வேளைக்கு எல்லோரும் ஒரே மேசைக்கு வரலாம். முட்டிவலிக்காரருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் ஒரே நேரத்தில் தோதாக இருக்கும் சுற்றுலா அதிகம் இல்லை.

எந்தக் கப்பல் என்பதுதான் அடுத்த கேள்வி. அதைத் தீர்மானித்தது கடலும் பள்ளிக்கூட நாட்காட்டியும்.

2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்கள். 11 தளங்களும் 796 அறைகளும் கொண்ட அந்தக் கப்பல் 1990-ல் பிரான்ஸில் கட்டப்பட்டு, ராயல் கரீபியன் நிறுவனத்திடம் பல ஆண்டுகள் ஓடியது. தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் கொந்தளிக்கும். அதனால் மும்பைப் பக்கம் ஓடும் கப்பலை ஜூன் மாத வாக்கில் வங்கக் கடலுக்குக் கொண்டுவருகிறார்கள். அக்டோபர் பிறந்தால் இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. ஆக, நமக்கான சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஆண்டுதோறும் அட்டவணை மாறும் என்பதால் அந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இங்கேதான் சிக்கல். பிள்ளைகளுக்கு ஏப்ரல், மே லீவு. கப்பல் வருவதோ பள்ளி திறந்த பிறகு. மாப்பிள்ளைக்கு மல்லித் தோட்டம். முகூர்த்த நாள் நெருங்கினால் அவரை நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலிருந்து நகர்த்த முடியாது. மூத்தவருக்குப் பழனி ரோட்டில் மோட்டார் உதிரிபாகக் கடை. ஆயுத பூஜைக்குக் கடையில் இருந்தே ஆக வேண்டும். எல்லோரும் சம்மதித்த ஒரே இடைவெளி செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. புரட்டாசி, முகூர்த்தம் கிடையாது. வீட்டில் கவிச்சியும் கிடையாது என்பதால் கப்பலில் என்ன பிரியாணி என்ற விவாதமும் மிச்சம்.

லட்சத்தீவும் பேச்சில் வந்தது. கொச்சியிலிருந்து அரசுக் கப்பலில் போகலாம், பாஸ்போர்ட் வேண்டாம், தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் சுற்றுலாக் கப்பல் கிடையாது. தவிர, நடுக்கடலில் கப்பலிலிருந்து சிறு படகுக்கு இறங்கி ஏற வேண்டும். ஆடும் படகில் கால் வைப்பது 20 வயதுக்கு வேடிக்கை, 78 வயதுக்கு அல்ல.

சிங்கப்பூர் கட்சியும் பலமாக இருந்தது. திருச்சி விமான நிலையம் ரோட்டில் 100 கிலோமீட்டர்தான், அங்கிருந்து நேரடி விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து வருடம் முழுக்கப் பெரிய பெரிய கப்பல்கள் பினாங்கு, புக்கெட் என்று போய்வருகின்றன. மே லீவிலும் போகலாம். கப்பல் வெளியே போய்த் திரும்பி வருவதால் ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆனால் 19 விமான டிக்கெட்டைக் கூட்டிப் பார்த்தபோது கால்குலேட்டரை மூத்தவர் மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

உண்மையில் முடிவெடுத்தது அப்பத்தாதான், அதுவும் ஒரே சொல்லில். “கப்பல்லாம் எனக்கெதுக்கு? அந்தக் காலத்துல பொழைக்க வழியில்லாதவகதான் கப்பலேறுனாக” என்று சொல்லிவிட்டுப் போனார். அது வெறும் பிடிவாதமில்லை. 1914-க்கு முன் போட் மெயில் ரயில் சென்னையிலிருந்து திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடிக்குத்தான் போனது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் போன வழி அது. பிறகு பாம்பன் பாலம் வந்து ரயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. மலேயா போனவர்களுக்கு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல். போனவர்களில் பாதிப் பேர் கடிதமாக மட்டுமே திரும்பினார்கள் என்பது பழைய வீடுகளில் சொல்லும் கதை. அப்பத்தாவுக்குக் கப்பல் என்றால் நீச்சல் குளம் ஞாபகத்துக்கு வராது.

சின்னப் பேரன்தான் மேப்பை நீட்டினான். “அப்பத்தா, கப்பல் அம்பாந்தோட்டையில நிக்கும். அங்கேருந்து ஒரு மணி நேரத்துல கதிர்காமம். வர்றியா?”

பழனிக்கு எத்தனை பாதயாத்திரை போயிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. கதிர்காமத்தில் முருகனுக்குச் சிலையில்லை, திரைக்குப் பின்னால்தான் பூசை, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார்கள் என்றெல்லாம் சின்ன வயதில் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் மேப்பையே பார்த்தார். “திருகோணமலையில கோணேசர் கோயிலும் இருக்காம்ல?” என்று அவரே கேட்டார். அன்றைக்கு ராத்திரி குரூப்பில் கட்டைவிரல்கள் மறுபடி முளைத்தன.

சம்மதம் கிடைத்தபின்தான் நிஜமான மலை ஏறவேண்டியிருந்தது: பாஸ்போர்ட். இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் போகும் கப்பலுக்கு அரசு அடையாள அட்டை போதும். இலங்கை என்றால் கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், அதுவும் பயண நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இருந்தது நான்கு பேருக்கு. மீதி 15 பேர் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், 18 வயதுக்குக் கீழே 1,000 ரூபாய். 60 தாண்டியவர்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் புதிதாக எடுத்தால் பத்து சதவிகிதம் தள்ளுபடி. பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா இருவர் சம்மதமும் வேண்டும். மூத்த பேத்தி வீட்டுக்காரருக்கு லீவு இல்லாவிட்டாலும் கையெழுத்துக்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி பெயர். நம்முடைய இனிஷியலை பாஸ்போர்ட் ஏற்காது, விரித்து எழுத வேண்டும். ஒருவர் அப்பா பெயரைப் பின்னால் போட்டு, இன்னொருவர் முன்னால் போட்டு, மூன்றாமவர் விட்டுவிட்டால் அண்ணன் தம்பி மூன்று பேரும் காகிதத்தில் மூன்று குடும்பம். 19 பேரும் ஒரே முறையில் எழுதுவது என்று முதலிலேயே பேசி முடிவு செய்தார்கள். இந்த ஒரு காரியம்தான் பிற்பாடு டிக்கெட் போடும்போது மிகவும் உதவுகிறது, ஏனென்றால் பாஸ்போர்ட்டில் இருப்பது எழுத்துப் பிசகாமல் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

அப்பத்தா விஷயம் தனி. ரேஷன் கார்டில் ஒரு எழுத்துக்கூட்டல், வாக்காளர் அட்டையில் இன்னொன்று. பிறந்த தேதி கேட்டால் “ஆடி மாசம், பெரிய மழை பேஞ்ச வருசம்.” ஆதாரில் ஜனவரி 1. நல்லவேளையாக, பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும் என்ற விதி 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான். முன்னால் பிறந்தவர்கள் பான் கார்டு, வாக்காளர் அட்டை போன்றவற்றைக் காட்டலாம். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே தேதி இருக்க வேண்டுமே. திருத்தம் முடிய எத்தனை வாரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இளைய மருமகள் ஒரு விதி போட்டார்: அப்பத்தா பாஸ்போர்ட் கைக்கு வந்தபிறகுதான் கப்பலுக்கு முன்பணம். “அதுக்குள்ள டிக்கெட் ஏறிடுமே” என்றார் சித்தப்பா. “ஏறட்டும்” என்று முடித்துவிட்டார். குடும்பத்தில் சரியான முடிவுகள் பெரும்பாலும் இப்படி ஒரே சொல்லில்தான் வருகின்றன.

பிறகு அறைக் கணக்கு. ஓர் அறையில் நான்கு பேர்வரை தங்கலாம், ஆனால் இரண்டு படுக்கை சுவரிலிருந்து இறங்கும் மேல்படுக்கை, ரயில் பெர்த் மாதிரி. ஐந்து அறையில் 19 பேரை அடைக்கலாம்தான். பாத்ரூம் வரிசையை நினைத்து ஏழு ஆக்கினார்கள். ஆறு அறை ஜன்னல் இல்லாத உள் அறை, அது விலை குறைவு. ஒன்று மட்டும் ஜன்னலோடு, அப்பத்தாவுக்கு. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். லிஃப்டுக்குப் பக்கமாகவும் கேட்டு வாங்க வேண்டும். விளம்பரத்தில் காட்டும் விலையோடு துறைமுகக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. சேரும். இந்த மூன்றும் சேர்ந்த தொகையைத்தான் தலைக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். கதிர்காமத்துக்கான வண்டிச் செலவு தனி. மதுவும் சூதாட்ட மேசையும் தனிக் காசு. “அது யாருக்கும் வேண்டாம்” என்று அப்பத்தா சொன்னபோது இரண்டு பேர் மட்டும் தரையைப் பார்த்தார்கள்.

ஒரு விஷயத்தை அப்பத்தாவிடம் மறைக்காமல் சொல்லியாக வேண்டியிருந்தது. கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கலாம். 2022 ஜூனில் எம்ப்ரஸ் புதுச்சேரிக்கு வந்தபோது, சூதாட்ட வசதி குறித்த எதிர்ப்பில் அனுமதி கிடைக்காமல் திரும்பியது. கடல் மோசமானாலும் இதே கதைதான். கதிர்காமம் கிடைக்காமல் போகலாம் என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கவில்லை. “பழனியிலேயே நடை சாத்தி நின்னுருக்கேன்” என்றார். சொந்தமாக வண்டி பிடித்துப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது என்பதால், கப்பல்காரர்களே நடத்தும் கரைச் சுற்றுலா இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதாக முடிவு.

சென்னைக்கு ரயில். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான், முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கும். ஆக நான்கு பேர் நான்கு போனோடு காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே சென்னை போய்ச் சேர்வது என்று ஒருமனதாகத் தீர்மானம்.

குமட்டல் பயம் தீரவில்லை. அதற்கும் ஒரு வழி கிடைத்தது. கேரள அரசின் கே.எஸ்.ஐ.என்.சி. நிறுவனம் கொச்சியில் நெஃபர்டிட்டி என்ற சிறு கப்பலை ஓடவிடுகிறது. சில மணி நேரம் கடலுக்குள் போய்த் திரும்பலாம். பழனி, பொள்ளாச்சி வழியாகப் போகும் அமிர்தா எக்ஸ்பிரஸ் திண்டுக்கல்லிலேயே நிற்கும். அப்பத்தாவையும் இரண்டு பேத்திகளையும் அதில் ஒத்திகைக்கு அழைத்துப் போகலாம் என்று அத்தை சொன்னது எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

புளியோதரை கட்ட முடியாது, வீட்டுச் சாப்பாட்டைக் கப்பலில் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கரையை விட்டதும் போனை விமானப் பயன்முறையில் போட வேண்டும், இல்லாவிட்டால் செயற்கைக்கோள் பில் வந்து சேரும். கடையை நான்கு நாள் யார் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் இன்னும் மூத்தவர் முகத்தில் இருக்கிறது.

அப்பத்தா அலமாரியிலிருந்து மாங்காய்ப் பூட்டை எடுத்துத் துடைத்து, சாவி திரும்புகிறதா என்று இரண்டு முறை பார்த்தார். பிறகு இளைய மருமகளைக் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டார்: “ஏம்மா, கப்பல்ல வெத்தல போட்டாத் துப்புறதுக்கு எடம் இருக்குமா?”

அந்த மருமகள் இன்னும் பதில் சொல்லவில்லை.