குளிரூட்டியின் சாட்சி

சல்லியின் கடற்காற்றைப் புகழ்வோர், அது செம்புக்கும் இரும்புக்கும் இழைக்கும் தீங்கைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. திருகோணமலைக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்து, முத்துமாரியம்மன் கோயிலைக் கரையிற் கொண்டு விளங்கும் அவ்வூரில், மாரியில் உப்பீரம் சுவரெல்லாம் ஊறும். கோடையிலோ கச்சான் காற்று வெம்மையை வாரி இறைக்கும். அத்தகைய கச்சான் காலமொன்றிலேதான், பக்கவாதத்தாற் படுக்கையிலிருந்த முதியவர் ஒருவரின் அறைக் குளிரூட்டி தன் தொழிலை மறந்தது. ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் வெளியலகு ஓய்ந்துவிடும். உள்ளே விசிறி மட்டும் வெறுங்காற்றை வீசிக்கொண்டிருக்கும். 24 பாகைக்கு அமைத்த அறை 29 பாகையிலேயே நின்றது. நெடுங்காலம் படுத்திருப்பவரின் முதுகில் வியர்வை தேங்கினால் தோல் நைந்து புண்ணாகும் என்பதை அறிந்த மனைவியாருக்கு இது வெறும் வசதிக்குறைவாகத் தோன்றவில்லை.

முதலில் வந்து பார்த்தவர் "காஸ் முடிஞ்சுது" என்றார். அடுத்தவர் போர்ட் பழுது என்றார். போர்ட்டின் விலையைக் கேட்ட அயலவரோ, புதிய இயந்திரமே வாங்கிவிடலாம் என்றனர். காஸ் முடிந்தது என்னும் வழக்கே பொருந்தாதது. அது விளக்கெண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று; மூடிய குழாயினுள் சுற்றிச்சுற்றி வருவது. எங்கோ கசிந்தாலன்றிக் குறையாது. கசிவைத் தேடாது காஸ் நிரப்புவோர் நோயை விடுத்து மருந்தை மட்டும் விற்பவராவர்.

மூன்றாவதாக வந்த இளைஞர் இயந்திரத்தைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனையில வைச்சா ஓரளவெண்டாலும் குளிருது, அம்மா?"

"பதினெட்டில வைச்சா குளிருது, தம்பி. இருபத்திநாலில வைச்சாத்தான் நிண்டுபோகுது."

நோயின் பாதி இவ்விடையிலேயே வெளிப்பட்டது. காஸ் குறைந்திருப்பின் எண்ணை மாற்றுவதாற் குளிர் பெருகாது. குளிர்விக்கும் ஆற்றல் இயந்திரத்தில் இருக்கிறது. அறை குளிர்ந்துவிட்டதென யாரோ அதற்குப் பொய்யுரைக்கின்றனர் என்பதே அதன் பொருள்.

அவ்வாறு உரைக்கக்கூடியது தெர்மிஸ்டர் எனப்படும் மிளகளவான வெப்ப உணரி ஒன்றே. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். குளிரக் குளிரத் தடை கூடும். வெள்ளிச் சல்பைட்டில் இவ்வியல்பை மைக்கல் பரடே 1833ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதினார். உலோகங்கள் இதற்கு மாறாக நடப்பன என்பதை நினைந்தால் அவர் கொண்ட வியப்பு விளங்கும். பல வீட்டுக் குளிரூட்டிகளில் இவ்வுணரி 25 பாகையில் 10,000 ஓம் காட்டும். 30 பாகையில் ஏறக்குறைய 8,000. உருகும் பனிக்கட்டி நீரிலோ 30,000க்கும் மேல். போர்ட் வெப்பத்தை நேரே அறியாது. இத்தடையையே அளந்து, அதனைப் பாகையாகக் கொள்ளும். ஆதலின் உணரி முதுமையடைந்தோ, அதன் கம்பி முனையில் உப்பு அரித்தோ தடை சற்றே கூடினும், வெந்துகொண்டிருக்கும் அறையை இயந்திரம் குளிர்ந்த அறையென நம்பிவிடும்.

இளைஞர் மின்னிணைப்பைத் துண்டித்து மூடியைக் கழற்றினார். அவ்வியந்திரத்தில் ஒரே அளவினவான உணரிகள் இரண்டு இருந்தன: ஒன்று அறைக்காற்றை அளப்பது, மற்றையது செப்புச் சுருளோடு பொருந்தியது. இரண்டையும் கழற்றி, வெப்பமானியின் அருகே ஒரே காற்றிற் சிறிது நேரம் தொங்கவிட்டார். வெப்பமானி 30 பாகை காட்டிற்று. மீற்றரில் சுருளின் உணரி 8,000 ஓம் என்றது. அறையின் உணரி 10,000 என்றது. ஒரே காற்றைப் பற்றி இரு சாட்சியர் இருவேறு கூறினர். விரல்களாற் பொத்தியபோது இரண்டின் தடையும் இறங்கியது. ஆயினும் இடைவெளி மறையவில்லை. 30 பாகை வெம்மையை 25 என உரைத்த உணரி எதுவென்பதில் ஐயம் எஞ்சவில்லை.

அத்துடன் அமைந்திருக்கலாம். அவரோ பழிசுமத்தப்பட்ட போர்ட்டையும் விசாரித்தார். உணரியின் இடத்தில் 10,000 ஓம் கொண்ட சாதாரணத் தடையொன்றைச் செருகி இயக்கினார். இனி அறை எப்படியிருப்பினும் 25 பாகையென்றே போர்ட் கருதவேண்டும். 22இல் வைத்தபோது வெளியலகு இடையறாது ஓடியது. 28இல் வைத்தபோது ஓய்ந்தது. கேட்டதற்குத் தக்கபடி நடந்த போர்ட்டிற் குற்றமில்லை. சில ரூபாப் பெறுமதியான ஒரு தடை, பெருந்தொகை விழுங்கவிருந்த தீர்ப்பை மாற்றியது.

மாற்று உணரியைத் தேடுவதில் மட்டும் அவர் அவசரப்படவில்லை. 10,000 என்னும் எண் பொருந்தினாற் போதாது. வெப்பத்தோடு தடை மாறும் வீதமும் பொருந்தவேண்டும், இல்லையேல் ஒரு பொய்க்கு ஈடாக மற்றொரு பொய்யே வந்து அமரும். இரண்டு நாள் கழித்து உரிய உணரியுடன் வந்தார். அதனைச் சுருளிற் படாதவாறு அதன் கொக்கியிற் பொருத்தினார். 24இல் வைத்துவிட்டு, கட்டிலருகே தொங்கிய வெப்பமானி 24ஐத் தொடும்வரை முதியவரோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியலகு ஓய்ந்து, சற்றுப்பொழுதில் தானே மீண்டும் தொடங்கியதைக் கேட்ட பின்னரே கூலியைப் பெற்றுக்கொண்டார்.