ஓப்பநாயக்க வீதியும் ஒரு சோடி விளக்கும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையில், பலாங்கொடையை அடைவதற்கு முன்னர் வரும் சிற்றூர் ஓப்பநாயக்க. சப்பிரகமுவ மாகாணத்தின் இயல்பை ஒருசேரக் காண விரும்புவோர்க்கு இவ்வூர் ஏற்ற இடம். இரப்பர் மரங்களின் நிழலும், தேயிலைச் சரிவின் பசுமையும், தாழ்நிலத்து வயலும் இங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. தோட்டத்து லயங்களும் கிராமத்து வீடுகளும் ஒரே வீதியைத்தான் தமக்கு வாசலாகக் கொண்டிருக்கின்றன.

இவ்வூருக்கு முன்னொரு காலத்தில் தனிச் சிறப்பொன்று இருந்தது. களனிவெளிப் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம் இதுவே. தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடி மட்டுமே அகலமுடைய அந்தச் சிறிய பாதை, 1912 ஆம் ஆண்டில் இரத்தினபுரியையும், 1919 ஆம் ஆண்டில் ஓப்பநாயக்கவையும் வந்தடைந்தது. தேயிலையும் இரப்பரும் அதில் ஏறிக் கொழும்புக்குச் சென்றன. அரிசியும் துணியும் உறவினரும் அதில் வந்து இறங்கினர். 1976 ஆம் ஆண்டில் அவிசாவளைக்கு அப்பால் அப்பாதை மூடப்பட்டது. அன்றுமுதல் புகைவண்டி சுமந்த பாரம் முழுவதையும் வீதியே சுமந்து வருகின்றது.

பகலில் இவ்வீதியிற் பிரயாணம் செய்பவர் இயற்கை அழகைக் கண்டு களிக்கலாம். இரவிலோ நிலைமை வேறு. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் மழை கண்ணை மறைக்கும். மழை ஓய்ந்த பின்னர் மூடுபனி இறங்கும். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமாதலால், இரத்தினபுரிப் பக்கமாக மலையேறச் செல்வோரின் வான்கள் இரவிரவாக ஓடும். இவற்றுக்கிடையே வீதியோரமாக நடந்து செல்பவர் எத்தனை பேர்! மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவர், கடைக்குப் போய்வரும் மூதாட்டி, விடியுமுன்னே பால்வெட்டுக்குப் புறப்படும் தொழிலாளர் ஆகிய யாவரும் அந்த ஒடுங்கிய ஓரத்தையே நம்பியிருக்கின்றனர். பல இடங்களில் நடைபாதை இல்லை. வீதி விளக்கும் இல்லை. எதிரே வரும் வாகனத்தின் முன்விளக்குத்தான் அவர்களைக் காப்பதும், காவாது விடுவதும்.

அந்த முன்விளக்கின் கதையையே இங்கு கூற விரும்புகின்றோம்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், பழைய வான்களையும் லொறிகளையும் பேணிக்காத்து ஓட்டுவதைத் தவிர மக்களுக்கு வேறு வழியில்லை. வெயிலிலும் மழையிலும் அடிபட்ட பிளாஸ்டிக் முன்விளக்கு மஞ்சளாகி மங்கிவிடும். உள்ளே இருக்கும் வெள்ளிப்பூச்சு உரிந்து போகும். ஆகவே, கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் ஒரு சோடி 'புரொஜெக்டர்' விளக்குகளை வாங்கிவந்து, வீட்டு முற்றத்திலேயே பொருத்திக்கொள்ளும் வழக்கம் இளைஞரிடையே பரவியிருக்கின்றது. சிக்கனமான முயற்சி, அறிவுக்கு விருந்தான முயற்சியுங்கூட. ஆனால் பிறர் உயிரோடு தொடர்புடைய முயற்சி என்பதையும் மறத்தலாகாது.

புரொஜெக்டர் விளக்கின் தத்துவத்தை மாணவர் எளிதில் அறிந்துகொள்ளலாம். சாதாரண முன்விளக்கில், மின்குமிழின் ஒளியைக் கிண்ணம் போன்ற ஆடி நேரே வீதிக்கு அனுப்புகின்றது. புரொஜெக்டரில் உள்ள ஆடி ஏறத்தாழ நீள்வட்ட வடிவானது. நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் உண்டு. ஒரு குவியத்தில் மின்குமிழை வைத்தால், ஒளி மறு குவியத்தில் வந்து கூடும். அவ்விடத்தில் ஒரு சிறு தடுப்புத் தகடு நிற்கின்றது. அதற்கு முன்னால் ஒரு குவிவுவில்லை இருக்கின்றது. வில்லை எதையும் தலைகீழாகக் காட்டும் இயல்புடையது. பூதக்கண்ணாடியைச் சுவருக்கெதிரே பிடித்து ஜன்னலின் தலைகீழான பிம்பத்தை விழுத்திப் பார்த்தவர்க்கு இது விளங்கும். ஆகையால், கீழ்ப்பாதியைத் தகடு மறைத்தால், வெளியே ஒளியின் மேற்பாதி இருளாகின்றது. வீதி பிரகாசிக்கும், எதிரே வருபவரின் கண் இருக்கும் உயரத்தில் ஒளி கத்தியால் அரிந்தாற்போல நின்றுவிடும். 1986 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ ஏழாம் வரிசைக் காரில் இவ்வமைப்பு 'டிம்' என்று சாரதிகள் கூறும் தாழ்வொளிக்குப் பயன்பட்டது. 1991 ஆம் ஆண்டில் அதே வரிசையில் செனன் வாயு விளக்கும் வந்து சேர்ந்தது.

சாதாரண எச்-4 மின்குமிழின் தாழ்வொளி 55 வாற்று மின்னைக் கொண்டு ஏறத்தாழ 1,000 லூமன் ஒளி தருவது. செனன் விளக்கோ 35 வாற்றில் 3,200 லூமன் அளவு தரவல்லது. இத்தனை ஒளியைப் பழைய கிண்ண ஆடிக்குள்ளேயே செருகிவிடுபவரும் உளர். இது பெருந்தவறு. அந்த ஆடி மெல்லிய இழையொன்று குறித்த இடத்தில் எரிவதற்கெனக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. ஒளிரும் பொருளின் வடிவும் இடமும் மாறினால் கணக்குக் குழம்பி, ஒளி நாற்புறமும் சிதறி, எதிரே வருபவரைக் குருடாக்கும்.

முற்றத்து வேலை எவ்வாறு நடைபெறுகின்றது? முதலில் விளக்குக் கூட்டை வாகனத்திலிருந்து கழற்றி, மின்குமிழ்களை அகற்றுவர். முன்மூடியையும் கூட்டையும் பிணைத்திருப்பது பெரும்பாலும் கறுப்பான பியூட்டில் பசை. சூடான காற்றை ஓரமெங்கும் சீராக ஊதினால் அது இளகும். அவசரப்பட்டு நெம்பினால் மூடி வெடிக்கும். சில விளக்குகளில் இளகாத பசை உண்டு; அவற்றைத் தொடாது விடுவதே உத்தமம். பழைய வாகனங்களின் வரிவரியான கண்ணாடி மூடியும் இதற்கு உதவாது. அவ்வரிகள் ஒளியின் எல்லைக்கோட்டைச் சிதைத்துவிடும். பின்னர் மின்குமிழ் இருந்த துவாரத்தின் வழியே புரொஜெக்டரின் மரையைச் செலுத்திப் பின்புறம் சுரையால் இறுக்குவர். பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்து, பியூசும் றிலேயும் இடையில் வைப்பது அவசியம். பழைய மெல்லிய வயர் சூடேறித் தீப்பற்றக்கூடும். செனன் விளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் எழுவதால், மின் பாயும்போது அதன் இணைப்புகளைத் தொடவே கூடாது. இறுதியில் புதுப்பசை இட்டு மூடுவர். காற்றுத் துவாரங்களை அடைத்துவிட்டால் உள்ளே நீராவி படியும். மழை மிகுந்த இந்த மாவட்டத்தில் அது ஒரே வாரத்தில் தெரியவரும்.

இனி, யாவற்றினும் முக்கியமான செய்தி. தடுப்புத் தகட்டின் விளிம்பு நேர்கோடு அன்று. அதில் ஒரு படி உண்டு. இலங்கையில் நாம் இடப்புறமாக வாகனம் செலுத்துகின்றோம். ஆதலால் நமக்கேற்ற விளக்கில் எல்லைக்கோடு வலப்புறம் தாழ்ந்தும் இடப்புறம் உயர்ந்தும் இருக்கும். வலப்புறம் தாழ்ந்திருப்பது எதிரே வரும் சாரதியின் கண்ணைக் காப்பதற்கு. இடப்புறம் உயர்ந்திருப்பது ஓரத்தில் நடப்பவரைத் தூரத்திலேயே காண்பதற்கு. ஜப்பானும் இடப்புற வழக்கமுடைய நாடாகையால், அந்நாட்டு வாகனத்திலிருந்து கழற்றிய விளக்கு நமக்குப் பொருந்தும். ஜேர்மனியிலோ அமெரிக்காவிலோ ஓடிய வாகனத்தின் விளக்கு பொருந்தாது. அதைப் பூட்டினால், உயர்ந்த ஒளி எதிரே வரும் பஸ் சாரதியின் முகத்தில் அறையும். பால்வெட்டுக்குப் போகும் தொழிலாளி இருளில் மறைந்துவிடுவார். கடையில் இரண்டும் ஒன்றுபோலவே மினுங்கும். சுவரில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்த பின்னரே வாங்கவேண்டும்.

பொருத்திய பின்னர் அளவு பார்த்தல் மற்றொரு கடமை. சமதரையில் வாகனத்தை நிறுத்தி, 10 மீற்றர் தூரத்திலுள்ள சுவரில் விளக்கின் நடுமைய உயரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். எல்லைக்கோட்டின் தாழ்ந்த பகுதி அக்குறிக்கு 10 சென்ரிமீற்றர் கீழே விழவேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற இந்தச் சரிவில், 75 சென்ரிமீற்றர் உயரமுள்ள விளக்கின் ஒளி 75 மீற்றர் தூரத்தில் தரையைத் தொடும். வானின் பின்புறம் ஆட்களும் மூட்டைகளும் நிறைந்தால் முன்புறம் உயரும். ஒரு பாகை உயர்ந்தாலும் இந்த அளவு முழுதும் வீணாகும். எனவே, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு அளவு பார்ப்பதே அறிவுடைமை.

இத்தகைய முற்றமொன்றில் வான் உரிமையாளருக்கும் பொருத்துகின்ற இளைஞருக்கும் நடந்த உரையாடல் கேட்கத்தக்கது.

"தம்பி, இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்தால் தூரம் தெரியுமல்லவா?"

"உங்களுக்குத் தெரியும் அண்ணே. எதிரே வருகிறவருக்குத்தான் ஒன்றும் தெரியாது."

இதைவிடச் சுருக்கமாக இந்தக் கலையின் தருமத்தைச் சொல்லல் அரிது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் பஸ் ஒரு வினாடியில் 14 மீற்றர் கடக்கின்றது. அதன் சாரதி மூன்று வினாடி கண்கூசித் தடுமாறினால், 40 மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை அவர் காணாமலே கடந்துவிடுவார். அந்தத் தூரத்துக்குள் எத்தனை வீட்டு வாசல்கள்!

மலைப்பாதையில் இவ்விளக்குக்கு ஒரு குறையும் உண்டு. ஒளி திடீரென்று முடிவடைவதால், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பார்வைத் தூரம் குறுகும். வளைவில் மேட்டுப்பக்கம் இருளாக இருக்கும். ஏற்றத்தின் உச்சியில் எத்துணைச் செம்மையான விளக்கும் ஒரு கணம் எதிரே வருபவரின் கண்ணிற் படவே செய்யும். நல்ல விளக்கு நிதானத்துக்கு ஈடாகாது. நீலநிற ஒளியை நாகரிகமெனக் கருதுவோரும் உளர். மழையிலும் பனியிலும் அது பார்வைக்கு உதவுவதில்லை. 4,300 கெல்வின் அளவான வெண்மையே போதுமானது.

2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தையொட்டி, வாகனங்களின் அனாவசிய விளக்குகளையும் ஒலிக்கருவிகளையும் அகற்றும் நடவடிக்கையில் பொலிசார் இறங்கியபோது, பஸ், முச்சக்கரவண்டிச் சங்கத்தினர் சிலர் ஆட்சேபித்தனர். வழக்கு எப்பக்கம் இருப்பினும், ஒளி எங்கே முடியவேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டியவர் அதைப் பொருத்துபவரேயாவர்.

ஓப்பநாயக்கவுக்குச் செல்லும் அன்பர்கள் அந்திவேளையில் சற்றுநேரம் வீதியோரத்தில் நின்று பார்க்கலாம். வரும் வாகனங்களுள் எது தன் வழியை மட்டும் பார்க்கின்றது, எது பிறர் வழியையும் மதிக்கின்றது என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும். வீட்டில் விளக்குப் பூட்டும் இளைஞர்கள் வேலை முடிந்ததும் ஒருமுறை வாகனத்துக்கு எதிரே நூறு அடி நடந்துசென்று, திரும்பி நின்று பார்ப்பார்களாக. கண் கூசாவிட்டால், வேலை நன்றாக முடிந்தது என்று மகிழலாம்.