பழகிய கண்: மதுரைப் படக் குறிப்புகள்

மார்கழி 4

விடிவதற்கு முன் சாணி தெளித்து, ஈரம் காய்வதற்குள் போட்டு முடிக்கும் வாசல் கோலம்தான் மதுரைப் பக்கத்தில் அதிகக் கைகள் பழகிய ஓவியம். இதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது, போட்டவர் பெயரும் கிடையாது. ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பொடி இறங்கும் விதத்தை வைத்தே, இது மாமியார் கை, இது மருமகள் கை என்று தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். புள்ளிகளைச் சேர்த்து இழுக்கும் கோலத்தைவிட, புள்ளியைச் சுற்றி வளைந்தோடும் சிக்குக் கோலம் கடினம். கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும். நடுவில் கை தயங்கினால் அந்த இடம் தடித்துத் தெரியும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் இந்தக் கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக வகுத்தார்கள். கோலத்தின் கணக்கு அந்த ஆய்வில் இருக்கிறது. கோலம் போட்டவரின் அன்றைய மனதைத் தெரு படித்துக்கொள்கிறது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாலு புள்ளியோடு கோலம் முடிந்துவிடும். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் வீட்டில் காவிக் கரையோடு வாசல் நிறையும். துக்க வீட்டில் கோலமே இருக்காது. வெறும் வாசலைப் பார்த்த பால்காரர் மணி அடிக்காமல் போவார். வீட்டு நிலவரத்தை நாள்தோறும் எழுதி நாள்தோறும் அழித்துவிடும் கலை இது.

இப்போது பூசணிப்பூ வைத்த கையோடு கைபேசியும் வெளியே வருகிறது. முதல் வண்டி மிதித்துப் போவதற்குள் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மேலே நின்று நேர் கீழே பார்த்து எடுத்த படத்தில் வடிவம் மட்டுமே வருகிறது. வாசற்படி, ஈரத் தரை, ஓரத்தில் கோலப்பொடி டப்பா, மாவு ஒட்டிய விரல் ஆகியவற்றையும் சேர்த்து எடுத்த படத்தில்தான் போட்டவரும் வருகிறார்.

மார்கழி 19

மதுரையின் பழைய புகைப்படத் தொகுதிகளில் முதன்மையானது 1858இல் லின்னேயஸ் டிரைப் எடுத்தது. இராணுவ அதிகாரியான அவரை 1856இல் சென்னை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மெழுகு ஏற்றிய பெரிய காகித நெகட்டிவ்களைக் கொண்டு மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், விளக்குத்தூண், திருமலை நாயக்கர் மகால் ஆகியவற்றைப் படமாக்கினார். 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் மகால் பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முந்தைய சிதிலத்தை இன்று பார்க்க உதவுபவை டிரைப்பின் படங்களே.

அவற்றில் ஊர் இருக்கிறது, ஊர்க்காரர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காகித நெகட்டிவில் வெளிச்சம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். அதற்குள் நடந்து போனவர்கள் படத்தில் விழவே இல்லை. கூட்டத்துக்குப் பேர்போன கோயில் வாசல்கள் வெறிச்சென்று தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வெறுமையையே மதுரை என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அன்றைய நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும் என்பதால், டிரைப் நெகட்டிவின் மேலேயே கையால் மேகம் தீட்டினார். அரசாங்கம் கேட்டது கட்டடத்தின் கணக்கை. மேகத்தை யாரும் கேட்கவில்லை. ஓர் அரசு ஆவணத்துக்குள் ஒரு மனிதரின் விருப்பம் நுழைந்த இடம் அதுதான்.

போகி

பழையன கழிக்கும் நாளில் சட்டம் உடைந்த படங்களும் குப்பைக்குப் போகின்றன. கரையான் அரித்த கல்யாணப் படம், பெயர் தெரியாத தாத்தா, கொள்ளுப்பாட்டியின் பாதி முகம். மதுரையின் உணர்ச்சி வரலாற்றில் பெரிய பங்கு இந்தக் குப்பையில் இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சாதாரணக் குடும்பங்கள் தங்களை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பின என்பதற்கு ஸ்டுடியோ படங்களைவிட நல்ல சான்று இல்லை. பின்னால் மாளிகையோ தோட்டமோ தீட்டிய திரைச்சீலை, பக்கத்தில் பூச்சாடி வைத்த முக்காலி, கையில் வாட்ச் தெரியும்படி முழங்கையை மடக்கிய அப்பா, நாற்காலியின் முதுகைப் பிடித்து நிற்கும் அம்மா. யாரும் சிரிப்பதில்லை. அதைக் கூச்சம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆயுளில் ஒன்றிரண்டு தடவை எடுக்கப்படும் படம் பேரன் காலத்துக்கும் நிற்க வேண்டும் என்ற பொறுப்பு அந்த முகங்களில் இருக்கிறது.

வயதுக்கு வந்த பெண்ணின் படம் தனி வகை. மல்லிகைப் பூச்சடை தைத்து, முதுகுப் பக்கம் கண்ணாடி வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி நிறுத்துவார்கள். சடை தைக்க அரை நாள் உட்கார்ந்த அத்தைகளின் உழைப்பு படத்தில் வராமல் போகக் கூடாது என்பதற்காகவே அந்தக் கண்ணாடி. பூ மறுநாள் வாடிவிடும். அதனால்தான் அன்றைக்கே ஸ்டுடியோவுக்குப் போனார்கள்.

ஸ்டுடியோக்காரர் செய்த வேலைகளில் நெஞ்சைத் தொடுவது ஒட்டுப்படம். கணவனோடு சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் விதவையானவருக்கு, கணவன் தனியாக இருந்த பழைய படத்திலிருந்து முகத்தை எடுத்து மனைவியின் பக்கத்தில் பொருத்திக் கொடுப்பார்கள். வெளிச்சம் இடமும் வலமுமாக முரண்படும், தோள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வாங்கிப் போனவர்கள் அதைக் குறையாக எண்ணாமல் பூஜையறைக்குப் பக்கத்தில் மாட்டி மாலை போட்டார்கள். நடக்காத ஒன்றைக் காட்டும் அந்தப் படம், இருந்த அன்பைப் பொய்யில்லாமல் காட்டுகிறது. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றத்தாரோடு எடுத்த படங்களும் இந்த வரிசையில் வருபவை. பலருக்கு அதுவே முதல் படமும் கடைசிப் படமும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்வடிவில் சேமித்தார்கள். காலத்தில் செய்த பெரிய உதவி அது. ஏனென்றால் ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்றவர்கள் உண்டு. ஃபிலிமில் இருந்த வெள்ளிக்காகவும் பல குடும்பங்களின் முகங்கள் கரைந்து போயின.

தை 3

அவனியாபுரம், பாலமேடு முடிந்து இன்று அலங்காநல்லூர். வாடிவாசலை நோக்கி நீள லென்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன. நாளைய நாளிதழ்களில் காளை பாயும் படம் வரும். சென்ற ஆண்டுப் படத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது. அந்தக் காளையை ஆண்டு முழுக்கக் குளிப்பாட்டித் தீவனம் வைத்து வளர்த்த பெண்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். காளை வீடு திரும்பும் வரை அவர்கள் காத்திருக்கும் முகத்தை எடுப்பவர்கள் குறைவு. அந்த முகம் வீட்டுக்குள் போகத் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

மதுரை மாவட்டத்து ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிகுமாரின் படங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மீன் விற்றுக் குடும்பம் நடத்திய தாயாரின் உதவியால் 2013இல் கடன் பெற்று முதல் கேமரா வாங்கியவர் அவர். மலம் அள்ளும் தொழிலாளரைப் பற்றிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி இணைய இதழில் புகைப்படக்காரராகப் பணியாற்றிய இவருக்கு, தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது 2022இல் முதல் முறையாக வழங்கப்பட்டது. உழைக்கும் பெண்களைத் தொடர்ந்து எடுத்துவரும் இவர், மீன் விற்ற தன் தாயாரையும் படக்கட்டுரையாக்கினார்.

வெளியூரிலிருந்து வரும் கேமராவுக்கு மீன்காரம்மா ஒரு 'காட்சி'. கூடை, சும்மாடு, வெயில் என்று வண்ணமாகத் தெரிவார். மகனுக்கோ அந்தக் கூடையின் எடை தெரியும், அன்றைக்கு மீன் மிஞ்சினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். தெரிந்தவர் எடுக்கும்போது எதிரே இருப்பவர் முகத்தை மாற்றிக்கொள்வதில்லை. கருவியின் விலையால் வாங்க முடியாத நெருக்கம் அது. பழனிகுமார் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுத்தருவது இந்த வகையில் முக்கியமானது. அவர்கள் தங்கள் தெருவைத் தாங்களே எடுக்கும்போது, இதுவரை யாரும் உள்ளே வராத வீடுகள் படத்துக்கு வருகின்றன.

மாசி 12

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுசெல்லத் தடை வந்தது. அதன் பின் பொற்றாமரைக் குளத்தின் படிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் குளத்தைத்தான் பார்க்கிறார்கள். நல்ல மாற்றம் என்றே சொல்லலாம். கேமரா நுழையாத இடத்தில் கண்ணும் கையும் செய்யும் வேலைக்குத் தமிழில் நல்ல முன்னோடிகள் உண்டு. கோயில் கோயிலாகச் சென்று சிலைகளை வரைந்து ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடரைத் தந்த ஓவியர் சில்பி அவர்களில் ஒருவர்.

மதுரைக்கு அந்த இடத்தில் இருப்பவர் மனோகர் தேவதாஸ். 1936இல் மதுரையில் பிறந்து, அமெரிக்கன் கல்லூரியில் படித்து, சென்னையில் வேதியியலாளராக வேலை பார்த்தவர். விழித்திரை நோய் ஒன்று அவருடைய பார்வையை ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாகத் தின்றது. முதலில் இருட்டில் தெரியாமல் போகும், பிறகு பக்கவாட்டுப் பார்வை குறுகும், கடைசியில் நடுவில் ஒரு சிறு வட்டம் மிஞ்சும். அந்த வட்டம் சுருங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர் பேனா மையால் மிக நுணுக்கமான கோடுகளை இழைத்து மதுரையை வரைந்தார். கோபுரங்களும் யானைமலையும் நாயக்கர் மகாலும் அந்தக் கோடுகளில் எழுந்தன. 1972இல் நடந்த கார் விபத்தில் மனைவி மஹிமா கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகும் இருவரும் சேர்ந்தே இயங்கினார்கள். ஓவியங்கள் வாழ்த்து அட்டைகளாகி, விற்ற பணம் அறப்பணிக்குப் போனது. சிறுவயது மதுரையை 'கிரீன் வெல் இயர்ஸ்' என்ற ஆங்கில நாவலாக எழுதினார். 2007இல் ஓவியங்களோடு 'மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை' வந்தது. 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் காலமானார்.

டிரைப்பின் மதுரையையும் தேவதாஸின் மதுரையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. இரண்டிலும் அதே கல், அதே கோபுரம். ஒன்றில் வெளிச்சம் கட்டடத்தை அளந்திருக்கிறது. மற்றொன்றில், சிறுவனாக அங்கே திரிந்த ஒருவர், பார்க்க முடியாமல் போவதற்குள் ஒவ்வொரு கோட்டையும் பத்திரப்படுத்தியிருக்கிறார். யானைமலையைத் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் மதுரைக்காரர்கூட, அந்த ஓவியத்தைப் பார்த்த பிறகு மலையை ஒரு தடவை நின்று பார்ப்பார்.

சித்திரா பௌர்ணமி

அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வைகையின் இரு கரையிலும் ஆயிரக்கணக்கான கைபேசிகள் உயர்கின்றன. 1889இல் திறக்கப்பட்ட ஏ.வி. பாலத்தின் மேல் நிற்க இடமில்லை. எல்லாருக்கும் கிடைப்பது தொலைவில் ஒரு தங்கக் குதிரை, முன்னால் பல கைகள். அந்தப் படத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. நானும் அங்கே இருந்தேன் என்று வீட்டுக்குச் சொல்ல அது போதும்.

உணர்ச்சியைத் தேடுபவர் குதிரைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றி உயர்த்தும் கை, தோப்பறையிலிருந்து பீய்ச்சிய தண்ணீரில் நனைந்து கண் திறக்க முடியாமல் சிரிக்கும் முகம், மொட்டை போட்ட குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துத் தான் ஒன்றும் பார்க்காமல் நிற்கும் தகப்பன். வெயில் ஏறிவிட்டால் நிழல் கண்குழியில் விழுந்து முகம் கறுத்துவிடும். ஆகவே ஏழு மணிக்கு முன் கிடைத்ததே கணக்கு. அறியாதவரின் முகத்தை எடுத்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை. சாமி வந்து ஆடுபவரை எடுப்பதற்கு முன் அவரைப் பிடித்திருப்பவர்களின் கண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. வேண்டாம் என்றால் அதிலேயே தெரிந்துவிடும்.

ஐப்பசி 10

அடைமழைக் காலம்தான் வீட்டுப் படங்களுக்கு எமன். ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு இளகிச் சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது, பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே சாய்ந்த வெளிச்சத்தில் மறுபடம் எடுத்துக்கொள்ளலாம். பசை தடவிய ஆல்பத் தாள்கள் நாளாக ஆகப் படத்தை மஞ்சளாக்கும்.

கைபேசிப் படங்களுக்கும் கேடு உண்டு. எடுத்த நாளும் இடமும் கோப்புக்குள் பதிவாகியிருந்தாலும், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதும் அந்த விவரம் கழன்றுவிடுகிறது. அனுப்பப்பட்டுச் சேர்ந்த படத்தில் முகம் மட்டுமே மிஞ்சும். மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ கீறிய 'ஆதன்' என்ற பெயரை இன்றும் படிக்க முடிகிறது. மூன்று தலைமுறைக்கு முந்தைய பாட்டியின் படத்தில் பெயர் இல்லை.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் பழைய படங்களை எடுத்து, பின்பக்கத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன விசேஷம் என்று எழுதி வைக்க வேண்டும். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அது முன்பக்கம் அழுந்தித் தெரியும். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள்.