தோட்டாவின் வயது

மருந்துக் கடையில் வாங்கும் தலைவலி மாத்திரைக்குக்கூடக் காலாவதித் தேதி என்று ஒன்று உண்டு. ஊறுகாய்ப் புட்டியில் உண்டு. குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் பால் மாவில் உண்டு. சினிமாக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கும் தீ அணைக்கும் குடுவையிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, இன்ன தேதிக்குள் மறுபடி நிரப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால், உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்கென்றே ஒருவர் வாங்கி வைத்துக்கொள்கிற துப்பாக்கித் தோட்டாவின் அடியைத் திருப்பிப் பாருங்கள். எங்கே செய்தது என்பதற்கு அடையாளம் இருக்கும். சிலவற்றில் எந்த வருஷம் செய்தது என்றும் இருக்கும். எந்த வருஷம் வரை நம்பலாம் என்று மட்டும் இராது.

'உமக்கு எதற்கையா இந்த ஆராய்ச்சி?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் துப்பாக்கியைக் கையாண்டதெல்லாம் காகிதத்தின் மேல். கதைகளில் மூன்று நான்கு பேரைச் சுட்டுத் தள்ளியிருக்கிறேன்; அவர்களில் ஒருவர் வாசகர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி மறு வாரமே பிழைத்துக்கொண்டார். அவ்வளவுதான் எனக்கும் ஆயுதங்களுக்கும் உள்ள உறவு.

2024 நவம்பரில் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் அவர்களுடைய மகனும் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷமே சிவகிரிக்குப் பக்கத்தில் இன்னொரு தோட்டத்து வீட்டில் ஒரு முதிய தம்பதி. அந்தச் செய்திகளைப் படித்த பிறகு, கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிறவர்களைப் பற்றி ஒரு கதை எழுதத் தொடங்கினேன். கதையில் ஒரு பெரியவர். அவருடைய பீரோவில் லைசென்ஸ் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு வாங்கிய தோட்டாக்கள். நடுநிசி. நாய் குரைக்கிறது. பெரியவர் துப்பாக்கியை எடுக்கிறார்.

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அது வெடிக்குமா, வெடிக்காதா?

ஆசிரியன் இஷ்டப்பட்டால் வெடிக்கும் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் பிழைப்பதோ சாவதோ என் சௌகரியத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. ஆகவே விசாரிக்கப் புறப்பட்டேன்.

போலீஸ் ஆயுதப் படையில், ஆயுதக் கிடங்கிலேயே தம் உத்தியோக காலத்தைக் கழித்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குப் பழக்கம். சைக்கிளுக்கு எண்ணெய் போட்டால்கூடக் கணக்கு எழுதி வைக்கிற மனிதர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"தோட்டா வயசாகிச் சாகிறது அபூர்வம் சார். வச்சிருக்கிற இடத்தாலேதான் சாகும்" என்றார்.

பிறகு விளக்கினார். தோட்டாவின் அடியில் நடுவிலே சின்னப் பொட்டு ஒன்று பதித்திருக்கிறது. பிரைமர் என்று பெயர். துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டினால் பொறி பிறந்து உள்ளே இருக்கும் மருந்தைப் பற்ற வைக்கும். அந்தக் காலத்தில் உள்ளே இருந்தது கருமருந்து. 1884-ல் பிரான்ஸ் தேசத்து ரசாயனி வியே என்பவர் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். அதற்கு மூலம் நைட்ரோசெல்லுலோஸ், அதாவது அமிலத்தில் ஊறிய பஞ்சு. அதற்குத் தானாகவே மெள்ள மெள்ளச் சிதைந்துகொண்டிருக்கும் சுபாவம் உண்டு. சிதைவைத் தடுக்க டைபினைலமைன் என்ற சரக்கைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் மூடி வைத்தால் அது பல பத்தாண்டுகள் தாங்கும். இரண்டாவது உலக யுத்தத்துக்குச் செய்த தோட்டாக்கள் இன்றைக்கும் வெடிக்கின்றன.

"அப்படியென்றால் என் பெரியவருக்குக் கவலை இல்லையே?"

"பெரியவர் எங்கே வச்சிருக்கார்?"

வெயில் காயும் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருந்தால் உஷ்ணம் மருந்தைக் கெடுக்கும். மழைக்கால ஈரம் பித்தளையை அரிக்கும். அந்தக் காலத்துக் காகித உறைத் தோட்டாவாக இருந்தால் ஈரத்தில் ஊதிப்போய்க் குழலுக்குள் நுழையவே மறுக்கும். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது எண்ணெய். துப்பாக்கிக்கு எண்ணெய் அமிர்தம். அதே எண்ணெய் பிரைமரின் ஓரத்துச் சந்து வழியாக உள்ளே கசிந்தால் பொறி பிறக்காது. பார்வைக்குத் தோட்டா மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும்!

பெட்டியில் தூங்கும் தோட்டாவின் கதை இது. இடுப்பில் சுமக்கும் தோட்டாவின் கதை வேறு. அமெரிக்காவில் தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கியைத் தினமும் இடுப்பில் செருகிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவர்கள் ஏராளம். 'சுமக்கிற தோட்டாவை எத்தனை நாளுக்கு ஒரு தரம் மாற்றுவது?' என்பது அவர்களிடையே ஓயாத விவாதம். ஆறு மாதம் என்பார் ஒருவர், ஒரு வருஷம் என்பார் இன்னொருவர். பலர் பிறந்த நாள், புது வருஷம் என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பழையவற்றைப் பயிற்சி மைதானத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியவற்றை நிரப்பிக்கொள்கிறார்கள். தற்காப்புத் தோட்டா பயிற்சித் தோட்டாவைவிட விலை கூடியது. கருமிகளுக்குச் சங்கடமான நாள்தான்.

இதை வீண் ஆடம்பரம் என்றுதான் நானும் நினைத்தேன். காரணம் இருக்கிறது என்கிறார் நம் நண்பர். வியர்வையும் தோலுறையும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். அது மட்டுமல்ல. தானியங்கிக் கைத்துப்பாக்கியை வைத்திருப்பவர் இரவில் படுக்கும்போது குழலிலிருக்கும் தோட்டாவை வெளியே எடுக்கிறார். காலையில் அதே தோட்டாவைத் திரும்பவும் ஏற்றுகிறார். ஒவ்வொரு தடவையும் அதன் மூக்கு சரிவில் இடித்துக்கொண்டு உள்ளே போகிறது. இடித்து இடித்து ஈயக் குண்டு உறைக்குள்ளேயே சற்றுப் பின்வாங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும். துப்பாக்கியே பிளந்து, சுடுகிறவர் கையைப் பதம் பார்க்கலாம். நேர்மாறாக, இடிபட்டு இடிபட்டுப் பிரைமரில் இருக்கும் மருந்து பெயர்ந்து, வெடிக்காமலே போகவும் கூடும். ரிவால்வருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்த வழக்கத்துக்கு ஒரு மூதாதை உண்டு. வைல்ட் பில் ஹிக்காக் என்ற அமெரிக்கர். அவர் வைத்திருந்தவை கருமருந்தைக் கையால் கெட்டித்து நிரப்பும் 1851-ம் வருஷத்து மாதிரி கோல்ட் ரிவால்வர்கள், இரண்டு. கருமருந்து ஈரத்தை உறிஞ்சும். ஆகையால் தினந்தோறும் காலையில் இரண்டையும் சுட்டுக் காலி செய்து, துடைத்து, புது மருந்து நிரப்பிக்கொண்டுதான் அவர் வெளியே கிளம்புவார் என்று சொல்கிறார்கள். நம்மில் சிலர் சந்தியாவந்தனத்தை இத்தனை ஒழுங்காகச் செய்வதில்லை.

1871-ல் கான்ஸாஸ் மாகாணத்தில் அபிலீன் என்ற ஊருக்கு அவர் காவல் தலைவர். அக்டோபர் 5-ந் தேதி இரவு, தெருவில் ஃபில் கோ என்ற சூதாடியோடு மோதல். ஹிக்காக் சுட்டார். மருந்து ஏமாற்றவில்லை, அவன் விழுந்தான். அதே கணத்தில் பக்கத்திலிருந்து யாரோ துப்பாக்கியும் கையுமாக ஓடி வருவது நிழலாகத் தெரிந்தது. திரும்பிச் சுட்டார். அப்போதும் மருந்து ஏமாற்றவில்லை. ஓடி வந்தவர் அவருக்கு உதவி செய்ய வந்த சொந்த நண்பர் மைக் வில்லியம்ஸ்.

அன்றைக்குக் கொஞ்சம் ஈரம் பிடித்த மருந்தாக இருந்திருக்கலாகாதா என்று அவர் எத்தனை இரவு நினைத்திருப்பார்! இது என் கற்பனைதான். சரித்திரக்காரர்கள் இதையெல்லாம் எழுதி வைப்பதில்லை. 1876 ஆகஸ்டு 2-ந் தேதி டெட்வுட் என்ற ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து தலையில் சுட்டுக் கொன்றான் ஜாக் மக்கால் என்பவன். அவன் தப்பி ஓடும்போது குறுக்கே வந்தவர்களை நோக்கி விசையை அழுத்தினானாம், ஒன்றும் வெடிக்கவில்லையாம். தினமும் மருந்து மாற்றியவரின் துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வரவில்லை; மாற்றாதவனின் துப்பாக்கி வேண்டிய ஒரு தடவை மட்டும் வெடித்தது.

கதைக்கு வேண்டிய சரக்கு எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனாலும் நிஜமான ஒரு சாளையைப் பார்க்காமல் எழுத மனம் ஒப்பவில்லை. நண்பருடைய உறவினர் மூலமாகக் காங்கயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். ரோட்டிலிருந்து இறங்கி அரை மைல் மண் பாதை. தென்னை, சோளத்தட்டுப் போர், கட்டுத்தறியில் இரண்டு மாடுகள். அடுத்த வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியாத தூரம். பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் மனைவிக்கு நாலைந்து குறைவாக இருக்கலாம்.

மோர் கொடுத்தார்கள். லைசென்ஸைக் காட்டினார். ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம், ஒரு வருஷத்தில் எத்தனை வாங்கலாம் என்று அதிலேயே குறித்திருக்கிறது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் அப்படி. அவர் வாங்கியது ஒரே ஒரு முறை, பத்து தோட்டா. ஆறு போய்விட்டது.

"பன்னி வெரட்ட ஆகாசத்தைப் பாத்துச் சுட்டதுங்க. அப்பவெல்லாம் நல்லாத்தான் வெடிச்சுதுங்க" என்றார்.

"எப்போது ஐயா?"

"சின்னப் பையன் பத்தாவது படிக்கறப்பங்க."

சின்னப் பையன் இப்போது பெங்களூரில் இருக்கிறார். அவருடைய பெண் பத்தாவது படிக்கிறாள்.

மீதி நான்கும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஆயுத பூஜை தவறாமல் துப்பாக்கியையும் தோட்டாவையும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கமாம். ஒவ்வொன்றின் அடியிலும் குங்குமம் காய்ந்து பிரைமரின் மேலேயே ஒட்டியிருந்தது. விளிம்பில் பச்சைக் களிம்பு. என் நண்பர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பெரியவர் கவனித்துவிட்டார்.

"ஏனுங்க, வெடிக்காதுங்களா?"

"வெடிக்கலாம் ஐயா. நாலும் வெடிக்கலாம். ஒண்ணுமே வெடிக்காமலும் போகலாம். நான் சொல்ல முடியாது."

"ஒண்ணைச் சுட்டுப் பாத்துப் போடலாமுங்களா?"

நினைத்தபோது சுட்டுப் பார்க்க அது தீபாவளி வெடி அல்ல என்று நண்பர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மாள், "ஒண்ணைச் சுட்டா, மத்த மூணும் எப்பிடின்னு தெரிஞ்சுருமுங்களா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க அம்மா. சுட்டதைப் பத்தி மட்டுந்தான் தெரியும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எலெக்சன் வந்தாத் துப்பாக்கியை டேசன்ல வாங்கி வெச்சுக்குவாங்க. அது திரும்பி வர்ற வரைக்கும் எனக்குக் கண்ணு மூடாதுங்க. ஊட்ல இருந்தாத்தான் தூங்குவனுங்க" என்றார். இத்தனை வருஷமாக எதை நம்பித் தூங்கினோம் என்று அவர் கேட்கவில்லை.

துப்பாக்கியைவிட ஒரு நல்ல விளக்கும், இரண்டு நாயும், கூப்பிட்டால் ஓடி வருகிற அயல்வீடும் மேல் என்பது என் அபிப்பிராயம். அரைத் தூக்கத்தில் துப்பாக்கியைத் தூக்குகிறவர் முன்னால் வந்து நிற்பது திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அபிலீனில் நடந்தது மறந்துபோகவில்லை. ஆனால் அதை அங்கே நான் சொல்லவில்லை. நான் சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பிவிடுகிறவன். இருட்டிய பிறகும் அங்கே இருக்கப்போகிறவர்கள் அவர்கள்.

என் நண்பர்தான் காரியத்தைப் பேசினார். இந்த நான்கையும் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். கோயம்புத்தூரில் புதிதாக வாங்கிக் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவற்றைப் படுக்கை அறையில், மண்ணெண்ணெய் வாடை, அடுப்புச் சூடு இரண்டும் படாத இடத்தில், மூடி இறுகிய டப்பாவில் வைக்க வேண்டும். துப்பாக்கிக்கு எண்ணெய் போடலாம், அதுவும் மிஷின் எண்ணெய். தோட்டாவை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமத்தை டப்பாவின் மேல் வைக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. தப்பித் தவறி விசையை அழுத்தி வெடிக்காமல் போனால் உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி அரை நிமிஷமாவது காத்திருக்க வேண்டும். சில தோட்டா தாமதித்து வெடிக்கும்.

"மாத்தறதுன்னா எத்தனை வருசத்துக்கு ஒருக்காங்க?"

"நீங்க இடுப்பிலே கட்டிக்கிட்டுத் திரியலை. பெட்டியிலே இருக்கிறது நல்லா வச்சிருந்தா ரொம்ப நாள் தாங்கும். இருந்தாலும் ஞாபகத்துக்கு ஒரு கணக்கு வச்சுக்குங்க. 2019-லே சட்டத்தைத் திருத்தினதிலேருந்து லைசென்ஸ் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. லைசென்ஸைப் புதுப்பிக்கிறப்போ தோட்டாவையும் மாத்திடுங்க."

பெரியவர் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். இப்போது எழுபத்தெட்டு, அடுத்தது எண்பத்து மூன்று.

"அப்பிடின்னா இன்னும் ஒருக்கா மாத்துனாப் போதுமுங்க" என்றார்.

"ரெண்டு தடவைன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.