தகைசால் தமிழரும் ஜெயில் தாத்தாவும்

2021 ஜூலை கடைசியில் ஒரு நாள் காலை பேப்பரைப் பிரித்தபோது அந்தச் செய்தி இருந்தது. தமிழ்நாட்டுக்கும் தமிழினத்துக்கும் பெரும் பங்களிப்புச் செய்தவர்களுக்கு 'தகைசால் தமிழர்' என்று அரசாங்கம் ஒரு விருது ஏற்படுத்தியிருக்கிறது. பத்து லட்ச ரூபாயும் பாராட்டுச் சான்றிதழும். முதல் விருது தோழர் என்.சங்கரய்யாவுக்கு.

"தகைசால்னா என்னங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். தகை என்றால் பெருமை, சால் என்றால் நிறைந்த என்று சொன்னேன். "நம்ம ஊர்ல சால்னா உழவுச்சால்லா?" என்றாள். அதுவும் சரிதான். கரிசல்காட்டில் மழை பெய்து ஈரம் காய்வதற்குள் முதல் சால் ஓட்டினவனுக்குத்தான் உளுந்தும் பாசியும். பிந்தினவனுக்கு மண் இறுகிவிடும்.

சங்கரய்யா நம்ம கோவில்பட்டியில் பிறந்தவர் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1922 ஜூலை 15-ல் பிறந்தார். முதலில் வைத்த பெயர் பிரதாபசந்திரன். தன் பெயரைத்தான் பேரனுக்கு வைக்க வேண்டும் என்று தாத்தா சாப்பிடாமல் அடம்பிடித்து சங்கரய்யா ஆக்கினாராம். அந்த வீட்டில் உண்ணாவிரதம் தாத்தாவிலிருந்தே ஆரம்பித்துவிட்டது போல! பிறகு தூத்துக்குடி, மதுரை என்று குடும்பம் போய்விட்டது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவரை 1941-ல் கடைசிப் பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பரீட்சை எழுதவில்லை, பட்டமும் இல்லை. மொத்தம் எட்டு வருஷம் ஜெயில். 1947 ஆகஸ்ட் 14-ம் தேதி, சுதந்திரத்துக்கு முந்தின நாள், மதுரை ஜெயிலிலிருந்து வெளியே வந்தார்.

விருதுப் பணம் பத்து லட்சத்தையும் முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம், 2022-ல், ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணுவுக்குக் கொடுத்தார்கள். அவர் பத்து லட்சத்தோடு தன் கைப்பணம் ஐயாயிரத்தையும் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கே திருப்பிக் கொடுத்தார். இவருக்கு விருது கொடுத்ததில் அரசாங்கத்துக்கு ஐயாயிரம் லாபம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதற்கு முன்பும் கட்சி திரட்டித் தந்த ஒரு கோடியைக் கட்சிக்கே கொடுத்த மனுஷன்.

நான் இதை எழுத உட்கார்ந்தது அந்த இருவரைப் பற்றி மட்டும் அல்ல. செய்தியில் ஒரு விஷயம் என்னைக் குத்தியது. இந்த விருதுக்கு யாரும் மனுப் போட வேண்டாம். முதலமைச்சர் தலைமையிலான குழுவே பார்த்துத் தேர்ந்தெடுக்கும். மனு இல்லை, இணைப்பு இல்லை, சான்றொப்பம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ரெவின்யூவில் இருந்தவனுக்கு இது பெரிய விஷயம். என் கையில் மனுவாக வந்து நின்ற ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

எங்கள் ஊரில் அவரை எல்லோரும் ஜெயில் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். 1942-ல் ஒன்பது மாதம் உள்ளே இருந்தவர். அதுவும் பாளையங்கோட்டையில் இல்லை, பெல்லாரி பக்கம் அலிப்புரம் ஜெயிலில். அந்தக் காலத்தில் தெற்கத்திச் சத்தியாக்கிரகிகளை அங்கேதான் ரயிலேற்றி அனுப்பினார்கள். திரும்பி வந்தவருக்கு மூன்று குறுக்கம் கரிசல். பருத்தியும் கம்பும் மாறி மாறிப் போடுவார். மழை இல்லாத வருஷம் வீட்டில் பாட்டி தீப்பெட்டி ஒட்டுவாள். விளக்கு வெளிச்சத்தில் பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு பாட்டியும் மருமகளும் ஒட்டுவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து காய்ந்த பெட்டிகளை எண்ணிக் கட்டுவார்.

1972-ல், சுதந்திர வெள்ளிவிழா சமயத்தில், மத்திய அரசு தியாகிகளுக்குப் பென்ஷன் கொண்டுவந்தது. ஆறு மாதமாவது ஜெயிலில் இருந்திருக்க வேண்டும். அதற்கு ஜெயில் சர்ட்டிபிகேட் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கூட ஜெயிலில் இருந்தவர்கள் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். தாத்தா ரொம்ப நாள் மனுப் போடவே இல்லை. "கூலிக்கா போனோம்?" என்று கேட்டுவிட்டார். பிறகு ஒரு வறட்சியில் மாட்டை விற்றார்கள். அதற்கப்புறம்தான் மகன் எழுதிப் போட்டான்.

நான் அப்போது ஒரு தாலுகா ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர். விசாரணைக்கு வந்த காகிதம் என் சீட்டுக்கே வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சொந்த ஊர்த் தாத்தா, நாமே முடித்துக் கொடுத்துவிடலாம் என்று ந.க. எண் போட்டு எடுத்துக்கொண்டேன். கர்ணத்திடம் அறிக்கை வாங்கினேன். அவரும் நல்லபடியாகவே எழுதிக் கொடுத்தார். கூட இருந்தவர்கள் என்று தாத்தா சொன்ன இரண்டு பேரில் ஒருவர் இறந்துபோயிருந்தார். இன்னொருவர் இருக்கும் இடம் தெரியவில்லை. ஆக ஜெயில் சர்ட்டிபிகேட் ஒன்றே வழி.

இங்கேதான் நான் செய்த தப்பு. பெல்லாரி என்றால் தெலுங்கு பேசுகிற சீமை என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆந்திராவுக்குக் கடிதம் எழுதினேன். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோதே பெல்லாரி மைசூர் ராஜ்யத்தோடு போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நான் புரட்டவில்லை. ஆறேழு மாதம் கழித்து, இது எங்கள் எல்லையில் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. அந்தச் சமயம் வறட்சி நிவாரண வேலை. ஆபீஸே ராத்திரி எட்டு மணி வரைக்கும் கிடந்தது. திரும்பி வந்த கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். கர்நாடகத்துக்கு எழுத வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். பென்சிலால் குறித்ததோடு சரி.

தாத்தா இரண்டு தடவை ஆபீசுக்கு வந்தார். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து வந்தாரோ என்னவோ, வேட்டி ஓரமெல்லாம் கரிசல் ஒட்டியிருந்தது. "ஜெயிலுக்குப் போறப்போ சர்ட்டிபிகேட் வாங்கணும்னு யாரும் சொல்லலையே யய்யா" என்று சிரித்தார். இரண்டாவது தடவை ஒரு யோசனையோடு வந்தார். வெள்ளிவிழா வருஷத்தில் யூனியன் ஆபீஸ் வாசலில் தியாகிகள் பெயரைக் கல்லில் வெட்டி நட்டார்கள் அல்லவா? நாடு பூராவும் வட்டாரத்துக்கு ஒன்று நட்டார்கள். அதில் தன் பெயர் இருக்கிறது, அது போதாதா என்று கேட்டார்.

எனக்கு மேலே இருந்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் தலை நிமிராமலே, "கல்லைப் பேத்துக் கொண்டாந்து ஃபைல்ல கோக்கச் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சொல்லவே கூசுகிறது, நானும் சிரித்தேன். தாத்தா ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியாது.

எனக்கு மாறுதல் வந்தது. எனக்குப் பின்னால் அந்தச் சீட்டுக்கு வந்தவர் ஆதாரம் இல்லை என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஃபைலில் இருந்ததைப் பார்த்தார், முடித்தார். அழியக்கூடிய பென்சில் எழுத்தை யார் பார்ப்பார்கள்? 1980-ல் திட்டத்தை விரிவாக்கினார்கள். மறுபடி மனுப் போடலாம் என்று நான் ஊருக்குச் சொல்லி அனுப்புவதற்குள் தாத்தா போய்விட்டார். பென்ஷன் வாங்கியிருந்தால் அவருக்குப் பின் பாட்டிக்கும் வந்திருக்கும். பாட்டி கடைசிவரை தீப்பெட்டி ஒட்டினாள். ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து, "நீ அந்த ஆபீசுலதானய்யா இருந்த?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் பாட்டி என்றேன். சாப்பிட்டுப் போ என்றாள்.

இப்போது தகைசால் தமிழருக்கு வருகிறேன். வேறு சில மாநிலங்களும் இப்படி ஒன்று வைத்திருக்கின்றன. கர்நாடக ரத்னாவை 1992-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் வாங்கியவர்கள் கவி குவெம்புவும் நடிகர் ராஜ்குமாரும். மகாராஷ்டிர பூஷணை எழுத்தாளர் பு.ல.தேஷ்பாண்டேயில் தொடங்கினார்கள். கேரள ஜோதி முதலில் எம்.டி.வாசுதேவன் நாயருக்குப் போனது. நம்ம விருதை 2021-லிருந்து 2025 வரை சங்கரய்யா, நல்லகண்ணு, கி.வீரமணி, குமரி அனந்தன், காதர் மொகிதீன் என்று ஐந்து பேர் வாங்கியிருக்கிறார்கள். எல்லோரும் தகுதியானவர்கள், சந்தேகமே இல்லை. ஆனாலும் ஐந்து பேரும் ஆண்கள், ஐந்து பேரும் மேடை ஏறிய அரசியல்வாதிகள். ஒரு பெண், ஒரு எழுத்தாளர், ஒரு டாக்டர், ஒரு சம்சாரி என்று இன்னும் வரவில்லையே என்று எனக்கு ஒரு குறை. சொல்லிவிட்டேன்.

கரிசல்காரனாக எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. இடைசெவல் கி.ராஜநாராயணன் 2021 மே 17-ல் காலமானார். விருது அறிவிப்பு வந்தது இரண்டு மாதம் கழித்து. அவரும் சும்மா இல்லை, விவசாயிகள் போராட்டத்துக்காக ஜெயிலுக்குப் போனவர்தான். புதுச்சேரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து இடைசெவலில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஊரடங்கு நேரம், என்னால் போக முடியவில்லை. டி.வி.யில் துப்பாக்கி முழக்கம் கேட்டபோது, காடுகரையில் சம்சாரிகள் பேசுகிற பேச்சை எழுதினவருக்குப் போலீஸ் வரிசையாக நின்று மரியாதை செய்கிறதே என்று கண் கலங்கிவிட்டது. கோவில்பட்டியில் அவருக்கு மணிமண்டபமும் கட்டியிருக்கிறார்கள். போகாதவர்கள் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

விருது வேறு, பட்டம் வேறு என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எட்டயபுரத்தில் பதினொரு வயதுப் பையன் சுப்பையாவுக்கு 'பாரதி' என்று கொடுத்தார்களே, அது பட்டம். அவர் பெயரையே அது விழுங்கிவிட்டது. குடியரசு வந்தபோது அரசியலமைப்பின் 18-வது பிரிவு பட்டங்களை ஒழித்துவிட்டது. அப்படியானால் பாரத ரத்னாவும் பத்ம விருதும் செல்லுமா என்று வழக்கு நடந்தது. அவை பட்டம் அல்ல, ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்ம ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் எட்டவில்லை.

சங்கரய்யாவின் கதையில் கடைசி அத்தியாயம்தான் எனக்குப் பெரிய வேதனை. 1941-ல் பட்டம் வாங்காமல் போனவருக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பதென்று தீர்மானித்தது. வேந்தராக இருந்த ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பர் 2-ம் தேதி பட்டமளிப்பு விழா சங்கரய்யா இல்லாமலே நடந்தது. உயர்கல்வி அமைச்சர் பொன்முடி அதைப் புறக்கணித்தார். நவம்பர் 15-ம் தேதி சங்கரய்யா காலமானார். நூறைத் தாண்டிய வயது. அரசு மரியாதையோடு தகனம் நடந்தது.

எண்பத்திரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவையும் அந்தப் பட்டம் கைக்கு எட்டவில்லை. டி.வி.யில் ஆளாளுக்கு விவாதம் செய்தார்கள். எனக்கு அந்த அரசியல் பேச வராது. ஒரு கையெழுத்து விழாமல் கிடக்கிற காகிதத்தை மட்டும் நான் அறிவேன். மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது இன்னும் ஒரு காகிதம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

போன மாதம் ஒரு வேலையாக அந்த யூனியன் ஆபீஸ் பக்கம் போனேன். கல் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள் சாய்த்து வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் சுதந்திர தினத்துக்கு அடித்த வெள்ளை, எழுத்தெல்லாம் மேவிப்போய் வழவழவென்று இருந்தது. சாவியை எடுத்து, ஊர்ப் பெயர் வரிசையைக் குத்துமதிப்பாகப் பிடித்து மெதுவாகச் சுரண்டினேன். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முதலில் தலைப்பெழுத்து வந்தது, அப்புறம் பெயரில் பாதி.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "பெரியவரே, என்ன பண்றீங்க? யார் பேரைத் தேடுறீங்க?"

"எங்க ஊர்த் தாத்தா பேரு" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு பழைய பிளேடு கொண்டுவந்து கொடுத்தார். மீதிப் பாதியை அவரே சுரண்டினார்.