பிரிந்து போவது பாவமா?



மே மாதம் நெருங்கும்போது பென்டில் ஹில்லில் ஒரு கேள்வி என்னைத் தேடி வரும். கேட்பவர் முதியவரானால் குரலைத் தாழ்த்தி, "சுவாமி, நாங்கள் தனிநாடு கேட்டது பாவமோ?" என்பார். இங்கே பிறந்து வளர்ந்த இளைஞரானால் நேராகவே, "பாதர், திருச்சபை இதில எந்தப் பக்கம்?" என்பார். கேள்வி ஒன்றுதான். ஞாயிறு திருப்பலி முடிந்து, வாகனத் தரிப்பிடத்தில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய மறுமொழி இதற்கு இல்லை. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையோடு வாசியுங்கள்.

முதற்கண் பாவம் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். திருமணம் அருளடையாளம், இறைவன் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாது என்று நாம் கற்பிக்கிறோம். அரசியல் ஒன்றியம் அருளடையாளம் அன்று. அது மனிதர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. பொது நன்மைக்குப் பயன்படும்வரை அதற்கு மதிப்பு உண்டு. யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த குரோவாசியாவையும் சுலோவேனியாவையும் 1992ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் திருப்பீடம் தனி நாடுகளாக ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய சமூகம் அவ்வாறு ஏற்றது அதற்கு இரண்டு நாள் பிந்தியே. பிரிவினை என்றாலே பாவம் என்பது திருச்சபையின் போதனையாக இருந்திருந்தால் அது நடந்திராது.

ஆனால் பாவம் அன்று என்பதனாலேயே ஒன்று நன்று ஆகிவிடுவதும் இல்லை. புனித 23ஆம் யோவான் 1963ஆம் ஆண்டு உலக அமைதி குறித்து வெளியிட்ட சுற்றுமடலில் சிறுபான்மை இனங்களைப் பற்றித் தனியே பேசுகிறார். ஓர் இனத்தின் உயிர்த்துடிப்பை நசுக்குவது கடும் அநீதி என்கிறார். அதே மூச்சில், நசுக்கப்பட்ட இனம் தன் தனித்தன்மையை அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக்கி, தன்னைச் சூழ வாழும் மக்களை மறந்துவிடக்கூடும் என்றும் எச்சரிக்கிறார். முதற்பகுதியை மட்டும் வாசிப்பவர்களையும் கண்டிருக்கிறேன்; இரண்டாம் பகுதியை மட்டும் நமக்குப் போதிக்க வருபவர்களையும் கண்டிருக்கிறேன்.

திருவிவிலியத்திலும் ஒரு பிரிவினை உண்டு. அரசர்கள் முதல் நூலின் 12ஆம் அதிகாரத்தை இந்த வாரம் எடுத்து வாசியுங்கள். சாலமோன் இறந்தபின் வடக்கிலிருந்த குலங்கள் செக்கேமில் கூடி, அவர் மகன் ரெகபெயாமிடம் ஒரு விண்ணப்பம் வைக்கின்றன. தனிநாடு தா என்று அவர்கள் கேட்கவில்லை. சுமையைக் குறைத்தால் உமக்குப் பணிந்திருப்போம் என்றே கேட்கிறார்கள். முதியோர் இணங்கிப் போகச் சொல்கின்றனர். உடன் வளர்ந்த இளையோர் இன்னும் இறுக்கச் சொல்கின்றனர். அரசன் இளையோர் சொற்படி நடக்கிறான், நாடு இரண்டாகிறது. படை திரட்டி வடக்கை மீட்கப் புறப்பட்டவனை, சகோதரர்மேல் போருக்குப் போகாதே என்று இறைவாக்கினர் செமாயா தடுக்கிறார். அதோடு கதை முடியவில்லை. பிரிந்த வடக்கின் அரசன் எரொபவாம், மக்கள் எருசலேமுக்குத் திரும்பிப் போய்விடுவார்களோ என்ற அச்சத்தில் பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுத்தி வழிபடச் செய்கிறான். விவிலியம் அவனுக்கும் தப்பு வழி கொடுக்கவில்லை. பிரிவுக்குக் காரணமானவனையும் தீர்ப்பிடுகிறது. பிரிந்தபின் தன் மக்களை வழிதவறச் செய்தவனையும் தீர்ப்பிடுகிறது.

நம் கதையும் செக்கேமின் விண்ணப்பத்தைப் போலத்தான் தொடங்கியது. இங்கு பிறந்த பிள்ளைகளுக்காக இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது, தமிழ்க் காங்கிரசிலிருந்து வெளியேறியவர்களுள் ஒருவர் தந்தை செல்வா. 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய அவர் கேட்டது கூட்டாட்சி. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957 சூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஓர் ஒப்பந்தம். அடுத்த ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம். இராணுவம் வந்து அடக்கியது. 1965இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னோர் ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, 1972ஆம் ஆண்டின் புதிய யாப்பில் இல்லாமற் போயிற்று. தந்தை செல்வா தம் பாராளுமன்ற இடத்தைத் துறந்து, முடிந்தால் தேர்தல் வைத்துப் பாருங்கள் என்று அரசுக்கு அறைகூவல் விடுத்தார். இடைத்தேர்தல் நடக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதில் வென்ற பின்னரே, 1976 மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. அப்போது அவருக்கு வயது 78. 1977 பொதுத் தேர்தலில் மக்கள் அத்தீர்மானத்தின்மேல் வாக்களித்து, தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடங்களைக் கொடுத்தார்கள்.

கூட்டாட்சியைக் கேட்டு 27 ஆண்டுகள் காத்திருந்த ஒரு மனிதர், உடல் தளர்ந்த முதுமையில் பிரிவைக் கேட்டார். அதைப் பாவம் என்று சொல்ல என்னால் இயலாது. பாவத்தைத் தேடுகிறவர் கிழித்தெறியப்பட்ட ஒப்பந்தங்களில் தேடத் தொடங்கட்டும்.

இனி, நாம் வாழும் இந்த நாட்டின் கதை ஒன்று. பலர் அறியாதது. 1933 ஏப்ரல் 8ஆம் நாள் மேற்கு அவுஸ்திரேலியா, ஒன்றியத்திலிருந்து பிரிவதா என்று வாக்களித்தது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பிரிவோம் என்றனர். கோதுமையும் பொன்னும் விற்று வாழ்ந்த அவர்களுக்கு, கிழக்கின் தொழிற்சாலைகளைக் காக்கும் சுங்கவரிகள் பெருஞ்சுமையாக இருந்தன. தூதுக்குழு இலண்டனுக்குப் போயிற்று. மத்திய அரசின் இசைவு இன்றி அம்மனுவை ஏற்க முடியாது என்று 1935இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு கூறிவிட்டது. அவுஸ்திரேலிய யாப்பின் முகவுரையிலேயே இவ்வொன்றியம் பிரிக்க முடியாதது என்று எழுதியிருக்கிறது. திருமணத்துக்கு நாம் பயன்படுத்தும் அதே சொல்!

ஆயினும் பேர்த் நகரில் எவரும் சிறை செல்லவில்லை. ஒரு வீடும் எரியவில்லை. பின்தங்கிய மாநிலங்களுக்கு ஈடு கொடுக்க அதே 1933இல் மானிய ஆணைக்குழு ஒன்று அமைந்தது. இன்றும் அது இயங்குகிறது. மேலவையில் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட நமது நியூ சவுத் வேல்சுக்கும் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஆறு இலட்சத்தையும் எட்டாத தஸ்மேனியாவுக்கும் பன்னிரண்டு உறுப்பினர்கள். பெரியவர் சிறியவருக்கு இடம் விட்டுக் கொடுத்த வீட்டில், பிரிவுப் பேச்சு காலப்போக்கில் அடங்கிற்று. இலங்கையில் 1971இல் மேலவையையே ஒழித்தார்கள். மறு ஆண்டு 29ஆம் பிரிவும் போயிற்று.

வேறு நாடுகளையும் பாருங்கள். நம் அயலிலுள்ள கிழக்குத் தீமோர் மக்கள், இந்தோனேசியாவின்கீழ் 24 ஆண்டுகள் துன்புற்றபின் 1999 ஓகஸ்டில் வாக்களித்தனர். நூற்றுக்கு 78 பேர் விடுதலை கேட்டனர். முடிவு வந்ததும் ஆயுதக் குழுக்கள் ஊர்களை எரித்தன. அவுஸ்திரேலியா தலைமை தாங்கிய படை போய் இறங்க வேண்டியிருந்தது. 2002 மே 20இல் அது சுதந்திர நாடாயிற்று. தென்சூடான் 2011இல் நூற்றுக்கு 98க்கு மேற்பட்ட வாக்குகளோடு பிரிந்தது. மூன்று ஆண்டு நிறையுமுன் தனக்குள்ளேயே போரிட்டது. ஸ்கொட்லாந்து மக்களிடம் 2014இல் கேட்டார்கள். 55 வீதமானோர் வேண்டாம் என்றனர். மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். பப்புவா நியூகினியில் பூகன்வில் மக்கள் பத்தாண்டுப் போருக்குப்பின் 2001இல் ஓர் உடன்படிக்கை செய்தனர். முதலில் தன்னாட்சி, வாக்கெடுப்பு அதற்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின். 2019இல் வாக்களித்தபோது ஏறத்தாழ நூற்றுக்கு 98 பேர் விடுதலை என்றனர். அம்முடிவைப் பப்புவா நியூகினிப் பாராளுமன்றமும் ஏற்க வேண்டும் என்பது உடன்படிக்கை. அவ்வேளையில் அங்கே தலைவராயிருந்த ஜோன் மோமிஸ் ஒரு முன்னாள் கத்தோலிக்கக் குரு என்பதை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

இவற்றிலிருந்து நான் கற்றவை மூன்று.

முதலாவது, கேட்பதைத் தடை செய்யும் ஒன்றியம் தன்னைத்தானே சந்தேகிக்கிறது. 1983 கலவரம் ஓய்ந்த சில நாட்களில், ஓகஸ்ட் 8ஆம் நாள் இலங்கையில் ஆறாம் திருத்தம் சட்டமாயிற்று. நாட்டின் உள்ளோ வெளியிலோ, அமைதியான முறையிலேனும் தனியரசை ஆதரிப்பது குற்றமாயிற்று. அந்த உறுதிமொழியை எடுக்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் தம் இடங்களை இழந்தனர். வாக்குச்சீட்டின் வாசல் சாத்தப்பட்டபின் எந்த வாசல் திறந்தது என்பதை நாம் அறிவோம். கூட்டாட்சி கேட்பது பிரிவினை ஆகாது என்று இலங்கையின் உயர் நீதிமன்றம் 2017 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது நல்ல செய்தி. ஆனால் 2018இல் காலம் முடிந்த வடமாகாண சபைக்கு ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் நடக்கவில்லை.

இரண்டாவது, பிரிகிறவர்களின் வீட்டுக்குள்ளும் சிறியவர்கள் இருக்கிறார்கள். வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு தொண்டமான் உடன் நிற்கவில்லை. மலையகத் தமிழருக்கு அந்த வரைபடத்தில் இடம் இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாம் 1983ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 1990ஐயும் சொல்ல வேண்டும். நவாலி தேவாலயத்தில் 1995இல் குண்டு விழுந்ததை நினைவுகூரும் நாவினால் அதையும் சொல்ல இயலாதென்றால், நாம் எரொபவாமின் கன்றுக்குட்டிக்கு முன்னால் நிற்கிறோம்.

மூன்றாவது, விலையைக் கொடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். 2009இலும் 2010இலும் புலம்பெயர்ந்த நாடுகளில் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின்மேல் வாக்கெடுப்பு நடந்தது, இங்கும் நடந்தது. மிகப் பெரும்பான்மையோர் ஆம் என்றனர். அந்த வாக்கு உண்மையான துயரத்திலிருந்து வந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நமது வாக்கின் விலையை நாம் கொடுக்கப் போவதில்லை. முல்லைத்தீவில் மீன்பிடிக்கப் போகிறவரும், காணாமற்போன மகனின் படத்தோடு வீதியோரம் இருக்கும் தாயும் கொடுப்பார்கள். அவர்கள் சொல்ல முடியாததை இங்கிருந்து சொல்வது நமது கடமை. அவர்கள் சார்பில் முடிவெடுப்பது நமது உரிமை அன்று.

என் சொந்த எண்ணம் என்ன என்று கேட்பீர்கள். மறைக்கவில்லை. பெரும்பான்மையின் மனம் மாறும்போதெல்லாம் பறிக்க முடியாத உண்மையான கூட்டாட்சி கிடைக்குமானால், நான் அதை மகிழ்வோடு ஏற்பேன். குருமடத்தில் சிங்களச் சகோதரரோடு ஒரே மேசையில் உண்டவன் நான். 1983 சூலையில் என் கட்டிலருகே நாற்காலி போட்டு இரவு முழுதும் காவலிருந்தவன் ஒரு சிங்கள மாணவன். மடு அன்னையின் ஆவணித் திருவிழாவில் இரு மொழிகளிலும் செபமாலை சொல்லக் கேட்டு வளர்ந்தவன். சேர்ந்து வாழ முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அத்தகைய கூட்டாட்சி என்றுமே தரப்படாது என்றால், அந்த மக்களிடம் நேர்மையாக ஒருமுறை கேட்கத்தான் வேண்டும். அவர்கள் பிரிவோம் என்றால், இறைவன் பெயரைச் சொல்லி அவர்களைத் தடுக்க மாட்டேன்.

இதைப் பேசும்போது ஒரு தாயின் முகம் எனக்கு முன் நிற்கிறது. இயக்கத்துக்குப் போய்த் திரும்பாத மகனுக்காக ஆண்டுதோறும் மே மாதத்தில் பூசை ஒப்புக்கொடுப்பவர். கூட்டாட்சி பற்றி நான் மறையுரையில் ஒருமுறை பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, "அப்ப என்ர பிள்ளை வீணாத்தானோ செத்தவன், சுவாமி?" என்றார். நான் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். "அம்மா, நாடு கிடைச்சதோ கிடைக்கேல்லையோ எண்டு பாத்து ஆண்டவர் உங்கட பிள்ளையை அளக்கமாட்டார். அவன் ஆண்டவருக்கும் பிள்ளை." மகனின் சாவுக்கு மதிப்புத் தேடி இன்னொரு தாயின் மகனை அனுப்ப வேண்டியதில்லை என்பதை நான் சொல்லவில்லை. சற்று நேரம் அழுதபின் அவரே சொன்னார்.

மே 18ஆம் நாள் மாலைத் திருப்பலியில் இறந்த எல்லாருக்காகவும் மன்றாடுவோம். இம்முறை 1990இல் வீடிழந்த முஸ்லிம் மக்களையும், போரில் இறந்த சிங்களக் கிராமத்தவரையும், இராணுவத்துக்குப் போன ஏழைப் பிள்ளைகளையும் மன்றாட்டில் சேர்த்திருக்கிறேன். சிலருக்கு அது கடினமாக இருக்கும் என்று அறிவேன். வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பூசை முடிந்தபின் மண்டபத்தில் தேநீர் உண்டு. இளையோர் தம் கேள்விகளை அங்கே கேட்கட்டும், முதியோர் குரலைத் தாழ்த்தாமல் மறுமொழி சொல்லட்டும்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை,
பென்டில் ஹில்.