நாலு கம்பி எங்கே நிற்கிறது

போனில் புரோக்கர் சொன்னது இவ்வளவுதான்: "எழுபது சென்ட்டுங்க. வீடு, பட்டறைக்கு ஷெட்டு, கிணறு, த்ரீ பேஸ் கரண்டு. இருபதடித் தடம். வந்து பாத்தா விடமாட்டீங்க."

காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகும் ரோட்டில் இடம். தேடுவது என் தங்கை வீட்டுக்காரருக்கு. திருப்பூரில் வாடகைக் கட்டடத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். இழைப்பு மெஷின் ஓட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை எழுந்துவிடும், அப்புறம் சண்டை. வீடும் பட்டறையும் ஒரே வேலிக்குள் வேண்டும், மரம் ஏற்றிய லாரி உள்ளே வந்து திரும்ப வேண்டும், ஐந்து ஹெச்.பி. மோட்டார் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். கேட்க ரொம்பச் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

காங்கேயத்தைத் தாண்டும்வரை காற்றில் கொப்பரை வாசம். ரோட்டின் இரண்டு பக்கமும் களங்களில் உடைத்த தேங்காய் வெயில் பார்த்துக் கிடந்தது. அதற்கப்புறம் கொறங்காடு. கிளுவை வேலிக்குள் காய்ந்த கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், மரத்தடியில் இரண்டு மாடு. வருஷ மழையே 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் என்பதால் இந்தப் பக்கம் மேய்ச்சல் காடுதான் பல காலமாகச் சோறு போட்டிருக்கிறது. புரோக்கர் ஒரு டீக்கடையில் நிற்கச் சொல்லியிருந்தார். டீ பன்னிரண்டு ரூபாய். அவர் கணக்கில் வேண்டாம் என்று நானே கொடுத்தேன்.

"வழியில இன்னொண்ணு இருக்குதுங்க, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிரலாம்" என்றார். ஒன்றரை ஏக்கர் தோட்டம், நடுவில் பழைய ஓட்டுச் சாளை. வேப்பமரத் தூண், திண்ணை, வழவழவென்று சாந்துத் தரை. மாப்பிள்ளை தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார், தச்சர் கண் அப்படித்தான். நான் வெளியே வந்து கம்பத்தைப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் நாலு கம்பி கிணற்றோரக் கம்பத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து சாளைக்கு வருவது இரண்டே கம்பி, சிங்கிள் பேஸ். கிணற்றில் இருப்பது விவசாய இலவச இணைப்பு. அதில் பட்டறை மெஷினை ஓட்டினால் அபராதம்தான். புது இணைப்புக்கு எழுதிக்கொடுத்து, கம்பம் நட்டு, லைன் இழுக்கும் செலவையும் நாம் கட்ட வேண்டும். ஏக்கர் நாற்பத்தைந்து லட்சம் என்றார். அதோடு அந்தச் சாளை முடிந்தது. மாப்பிள்ளைக்குத்தான் மனசில்லை.

போனில் சொன்ன இடம் தார் ரோட்டிலிருந்து விலகி இட்டேரிக்குள் போனது. வண்டி மீட்டரில் பார்த்தேன், எழுநூறு மீட்டர். முனையில் தாராளமாகப் பதினெட்டடி. உள்ளே ஒரு வளைவில் இரண்டு பக்கக் கிளுவையும் நெருங்கி வருகிற இடத்தில் டேப்பைப் பிடித்தோம், பதினோரடி. போதாக்குறைக்கு வளைவின் உள்பக்கம் கம்பத்தின் இழுவைக் கம்பி. எட்டடி அகல லாரி நேரே போய்விடும், திரும்புவதுதான் கஷ்டம். "வேலிய வெட்டிவுட்டாச் சரியாப் போச்சுங்க" என்றார் புரோக்கர். இழுவைக் கம்பியை யார் வெட்டுவது என்று கேட்கவில்லை.

இடத்துக்காரரின் மகன் கேட்டைத் திறந்துவிட்டார். ஷெட் என்பது தறிக்குடோன். முப்பதுக்கு அறுபதடி, ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமென்ட் ஷீட். உள்ளே போனதும் எண்ணெய் நாற்றமும் பஞ்சு நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறியது. டிரஸ் கம்பிகளில் பஞ்சு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு தறி ஓடியதாம், போன மாசம் வரைக்கும் ஓடியதாம். தரையில் தறிக்கால் நின்ற இடங்களில் எண்ணெய்க் கறை உண்டு இல்லையா, அதை எண்ணிப் பார்த்தேன். எட்டுதான் வந்தது. போல்ட்டுகளில் கனமான துரு. மீட்டர் பக்கத்தில் மாட்டியிருந்த வெள்ளை அட்டையில் ரீடிங் பல தவணைகளாக ஒரே இடத்தில் நின்றிருந்தது. தறிகளை எடைக்குப் போட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூலி கட்டாமல் தறியை எடைக்குப் போட்டவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். ஆனால் போன மாசம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

கம்பியைப் பொறுத்தவரை புரோக்கர் சொன்னது நிஜம். நாலு கம்பியும் ஷெட் சுவர் வரை வந்திருந்தது. "ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட்டு ஃப்ரீங்க, இதே சர்வீஸ் உங்களுக்கு மாறிரும்" என்றார் மகன். அட்டையில் இருந்த கட்டண வகை விசைத்தறிக்கானது. 750 யூனிட்டாக இருந்த சலுகையை அரசு 2023-ல் 1000 ஆக்கியது, அது தறிக்கு. தறியே இல்லாத இடத்தில் மரம் அறுத்தால் கட்டண வகையை மாற்றித்தான் ஆக வேண்டும், முதல் யூனிட்டிலிருந்தே காசு. மாப்பிள்ளைக்கு அதில் வருத்தமில்லை. லைன் வந்திருக்கிறதே, அதுவே பெரிய மிச்சம் என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கூரையை. மேற்கு ஓரத்து ஷீட்டுகளும் அவற்றைப் பிடித்திருந்த கொக்கிகளும் மட்டும் புதுசு, வரிசையாக மணல் மூட்டை வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று இங்கே ஷீட்டைத்தான் முதலில் கேட்கும். "மச்சான், வீடு எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாருங்க" என்றார். வீடு ஷெட்டுக்கு நேர் கிழக்கே, முப்பதடியில். காற்று மேற்கே இருந்து. அறுக்கிற தூளெல்லாம் அந்த இரண்டு மாசம் தங்கை அடுப்படியில்தான் விழும். எனக்கு இது தோன்றவே தோன்றியிருக்காது.

வீடு இரண்டு ரூம், மொட்டை மாடி, சுமார். குளியலறைக் குழாயைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கிணற்றில் இருபதடியில் எப்போதும் தண்ணீர் என்றார் மகன். எட்டிப் பார்த்தால், கல் சுவரில் பாசிக்கோடு உயரத்தில் இருந்தது, தண்ணீர் அதற்கு வெகு கீழே கரும்பச்சையாகக் கிடந்தது. மோட்டார்க் குழாயில் அடியில் ஒரு துண்டு மட்டும் நிறம் மங்காமல் புதுசாக இருந்தது. தண்ணீர் இறங்க இறங்கக் குழாயும் இறங்கியிருக்கிறது.

சர்வே நம்பரை வாங்கி அங்கேயே நின்று போனில் பட்டாவைத் திறந்தேன். அரசு இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, ஆனால் ஏக்கர் சென்ட் இருக்காது. 0.25.00 ஹெக்டேர் என்று இருந்தது. ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், ஆகவே அறுபத்திரண்டு சென்ட்டுக்குக்கூடக் கொஞ்சம் குறைவு. மீதி எட்டு சென்ட் எங்கே என்றதற்கு, "அளந்தா வருமுங்க" என்று பதில். புலப்படத்தையும் பார்த்தேன். இட்டேரி புறம்போக்காக வரைபடத்தில் இருக்கிறது. அது முடிகிற இடத்திலிருந்து கேட் வரைக்கும் நாங்கள் வந்த கடைசி அறுபது மீட்டர் அதில் இல்லை. வேறொருவர் பட்டா நிலம்.

அந்த வேறொருவர் வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார், எழுபது வயசிருக்கும். வணக்கம் சொல்லிவிட்டு, "ஐயா, இந்தத் தடம் பொதுவுங்களா?" என்று கேட்டேன்.

"பழக்கத்துல வுட்டதுங்க தம்பி. அவங்கப்பன் எனக்குச் சேர்த்தாளி. எழுத்தெல்லாம் ஒண்ணும் கெடையாது."

"நாங்க வாங்குனா லாரி வருமுங்களே?"

"வரட்டும், அஞ்சு சென்ட்டுக்குக் காசு குடுத்து எழுதிக்குங்க. ஆறு லட்சம்."

மாப்பிள்ளை அவரோடு வேலியோரமாகக் கடைசிவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அகலம் பதினோரடிக்குமேல் வராது, அஞ்சு சென்ட் என்பது கணக்குக்குக் கிட்டத்தட்டச் சரிதான் என்றார். வளைவு இட்டேரியில் இருப்பதால் அந்தத் தொல்லை அப்படியே இருக்கும்.

கேட்டருகே நின்று விலை பேசினோம். அவர்கள் கேட்டது ஐம்பத்தெட்டு லட்சம். முத்திரைத்தாள் ஏழு சதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதம், ஆக ஒன்பது; ஐந்தேகால் லட்சத்தைத் தொடுகிறது. "பத்திரத்துல கொறச்சுப் போட்டுக்கலாமுங்க" என்று புரோக்கர் குரலைத் தாழ்த்தினார். அந்தப் பேச்சே வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். அறுபத்திரண்டு சென்ட்டுக்குத்தான் விலை, தறிக்குடோன் கூரைக்குத் தனியாகக் கழிவு, தடம் எழுதி முடித்த பிறகுதான் அட்வான்ஸ், நாற்பத்தெட்டுக்கு மேல் போக மாட்டேன் என்றார். மகன் அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கேட்டைச் சாத்தினார்.

திரும்பி வரும்போது புரோக்கர் தன் கமிஷனை ஞாபகப்படுத்தினார், இரண்டு பர்சன்ட். தடத்துக்குக் கொடுக்கப்போகும் ஆறு லட்சத்துக்கும் சேர்த்தா என்று கேட்டேன். ஆமாம், பேசி முடித்துக் கொடுப்பது அவர்தானாம்.